கூலிம் சாலையில் ஒரு பாட்டி வீடு

மாலை மயங்கும் நேரத்தில் கூலிம் ஹைடெக் பூங்காவின் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, களைத்துப்போன இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும். அவர்களிலே நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அப்பனும் ஆத்தாளும் விடியுமுன்னே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிரட்டுக் களத்துக்கு ஓடினார்கள். பிள்ளையோ இரவு வேலைக்கு வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, தூசி தும்பு நுழையாத குளிர் அறைக்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தலைமுறைதான்!

நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா என்று 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இடம் இது. இன்டெல், இன்பினியன், பர்ஸ்ட் சோலார் என்று உலகம் அறிந்த நிறுவனங்கள் எல்லாம் இங்கே கடை விரித்திருக்கின்றன. இந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்தது என்று சொன்னால், இன்றைய பிள்ளைகள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். லயம் இருந்த இடம் எது, ஆயாக் கொட்டகை இருந்த இடம் எது, மாரியம்மன் கோயில் அரசமரம் எங்கே நின்றது என்று அடையாளம் காட்ட நமக்கே திணறுகிறதே!

ஆனால் இங்கிருந்து அதிக தூரம் போகாமலேயே, அழிந்தது என்று கைவிடப்பட்ட பிறகும் அழியாமல் நிற்கிற ஓரிடம் இருக்கிறது. வாருங்கள், போய் வருவோம்.

எல்லை தாண்டி

கூலிம் பட்டணத்திலிருந்து மேற்கே புக்கிட் மெர்தாஜாம் போக இப்போது பட்டர்வொர்த் விரைவுச் சாலை இருக்கிறது. நாம் அதில் போக வேண்டாம். பழைய சாலையிலேயே போவோம். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் அந்தச் சாலைக்கு இன்றும் கூலிம் சாலை என்றுதான் பெயர்.

வழியிலே கெடா மாநிலம் முடிந்து பினாங்கு மாநிலம் தொடங்குகிறது. ஒரு பெயர்ப் பலகையைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் இது இரண்டு அரசாங்கங்களின் எல்லை. 1786ஆம் ஆண்டில் பினாங்குத் தீவைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1800இல் எதிர்க்கரையையும் கெடா சுல்தானிடமிருந்து பெற்றுக்கொண்டது. வெல்லஸ்லி மாகாணம் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். இன்று செபராங் பிறை என்கிறோம்.

சற்று நேரத்தில் இடப்புறமும் வலப்புறமும் பார்த்துக்கொண்டே வந்தால், பச்சைப் போர்வை போர்த்திய ஒரு குன்று எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில்தான் புனித அன்னம்மாள் ஆலயம். நம்மவர்கள் வாயில் அது என்றைக்கும் ‘அன்னம்மா கோயில்’தான்.

அன்னம்மாள் யார்? மரியன்னையைப் பெற்ற தாய். அப்படியானால் ஏசுநாதருக்குப் பாட்டி! அதனால்தானோ என்னவோ, இந்தக் கோயிலுக்குள் நுழையும்போது பேரன் பேத்திகள் பாட்டி வீட்டுக்கு வந்ததுபோல ஓர் உரிமை தோன்றுகிறது.

கல் சொல்லும் கதை

கோயிலைப் பார்க்குமுன் ஒரு கல்லைப் பாருங்கள். ஆலய வளாகத்திலேயே, செரோக் தோக்குன் என்ற அந்தப் பகுதியில், பெரிய கருங்கற் பாறை ஒன்று இருக்கிறது. அதன் மேல் தேய்ந்துபோன எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. 1845ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். தென்னிந்தியாவில் பல்லவர் காலத்தில் வழங்கிய எழுத்து முறையைச் சேர்ந்தது என்றும், சுமார் 1,500 ஆண்டுகள் பழைமையானது என்றும் அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இதே லோ, 1834இலேயே வெல்லஸ்லி மாகாணத்தில் புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் பொறித்த இன்னொரு கல்லையும் கண்டெடுத்திருந்தார். வடக்கே மெர்போக் ஆற்றோரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் சின்னங்களை உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். இராசேந்திர சோழன் 1025இல் படை அனுப்பிய கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்லுகிற நாட்டின் தென் கோடி இந்தப் பக்கம்தான். கப்பலேறி வந்த வணிகர்களும் துறவிகளும் நடந்த மண்ணிலே, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு கூலிக்குக் கப்பலேறிய நம் முப்பாட்டன்மாரும் வந்து இறங்கினார்கள். கல்லுக்கு இருவரும் ஒன்றுதான்!

பெயர் எழுதப்படாத குடும்பங்கள்

சரி, இந்த ஆலயத்தை உண்டாக்கியது யார்?

பாரீஸ் வேத போதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமார்கள் அப்போது பினாங்கில் இருந்தார்கள். குருக்களைப் பயிற்றுவிக்கும் அவர்களுடைய கல்லூரி 1808இலேயே அங்கே வந்துவிட்டது. ஆனால் அடிவாரத்தில் இந்தக் கோயில் எழக் காரணம் கல்லூரி அல்ல, சில குடும்பங்கள். பினாங்குத் தீவிலிருந்தும் பத்து காவான் பக்கமிருந்தும் பிழைப்புத் தேடி வந்த சீனக் கத்தோலிக்கக் குடியானவர்கள், பெரும்பாலும் ஹக்கா இனத்தவர், மலையடிவாரத்தில் காட்டை வெட்டிப் பயிர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தீவுக்குப் போவதென்றால் நடையும் படகுமாக ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆகவே குருவானவர் அவர்களைத் தேடி வந்தார். 1846இல் அடோல்ப் கூவெலான் என்ற குருவானவர் இங்கே முதல் சிற்றாலயத்தை அமைத்தார். மலையடிக் கல்லை லோ கண்டு சொன்னதற்கு மறு வருடம் அது!

அந்தக் காலகட்டத்தில்தான் வெல்லஸ்லி மாகாணத்தில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்ட வந்தார்கள். பின்னால் கரும்பு போய் ரப்பர் வந்தது. கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கமெல்லாம் பால்மரம் நிறைந்தது. சீனக் குடியானவர் முழங்காலிட்ட பலகையில் தமிழ்க் கூலியும் முழங்காலிட்டான். 1888இல் சொரேன் என்ற குருவானவர் இரண்டாவது ஆலயத்தைக் கட்டினார். மேட்டின்மேல் இன்று திருத்தலமாக நீங்கள் பார்க்கிற பழைய கோயில் அதுதான்.

குருமார்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆண்டும் தெரிகிறது. மண் சுமந்தவர்கள், பலகை அறுத்தவர்கள், அரைப்படி அரிசியை மிச்சம் பிடித்துக் காணிக்கை தந்தவர்கள் பெயர் எங்கே எழுதியிருக்கிறது? வளாகத்தைச் சுற்றி வரும்போது என் மனதில் ஓயாமல் எழுந்த கேள்வி இது.

சித்தியவானில் ஒரு சபை

இந்த நாட்டிலே கிராமப்புறத் தேவாலயங்கள் பலவற்றின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. முதலில் சில குடும்பங்கள், அப்புறம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஜெபம், அப்புறம் அத்தாப்புக் கொட்டகை, பலகைக் கட்டடம், கடைசியிலே செங்கல். பேராக்கில் பாகான் செராய் பக்கம் 1880களில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றியவர் ரெனே பே என்ற குருவானவர். பின்னாளில் மலாக்கா மேற்றிராணியார் ஆனவரும் அவரே.

மெதடிஸ்ட் சபையாரின் கதை இன்னும் சுவையானது. 1885இல் சிங்கப்பூரில் அந்தச் சபையைத் தொடங்கிய வில்லியம் ஓல்டாம் நம் பெங்களூரில் பிறந்தவர். சபை 1891இல் பினாங்கில் பள்ளிக்கூடம் திறந்தது. பட்டணத்தோடு அவர்கள் நிற்கவில்லை. சீனாவின் பூச்சோ பட்டணத்துப் பக்கமிருந்து ஏழைக் குடும்பங்களை அழைத்து வந்து, பேராக்கின் சித்தியவானில் குடியேற்றினார்கள். 1903 செப்டம்பரில் வந்து சேர்ந்தவர்கள் 363 பேர். லூரிங் என்ற ஜெர்மானியப் போதகரும் லிங் சிங் மீ என்ற சீனப் போதகரும் அவர்களுக்கு வழிகாட்டினார்கள். காட்டை வெட்டினார்கள், காய்ச்சலில் விழுந்தார்கள், பலரைப் புதைத்தார்கள், ரப்பர் நட்டு நிமிர்ந்தார்கள். கம்போங் கோவில் அவர்களுடைய முன்னோடிச் சபை இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே அந்தக் குடியேற்றத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். பேரப் பிள்ளைகள் வந்து, கண்ணாடிக்குப் பின்னே தாத்தாவின் மண்வெட்டியைப் பார்க்கிறார்கள்!

மலேசிய சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபை 1968இல் சுயாட்சி பெற்றது. தமிழ்ச் சபைகளுக்கென்று தமிழ் ஆண்டு மாநாடு என்ற தனி அமைப்பும் உண்டு. தோட்டத்துக் கிராணியார் வீட்டு முன்கூடத்தில் பாட்டும் ஜெபமுமாக ஆரம்பித்த சபைகளைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த முதல் வீடு எது, அந்த முதல் குடும்பம் எது என்று சொல்லத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

முள்வேலிக் காலம்

1948 ஜூன் மாதம் அவசர காலம் பிறந்தது. கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த அந்தப் போராட்டம் 1960 வரை நீடித்தது. காட்டுக்குள்ளிருந்து அதை நடத்திய சின் பெங், நாம் இப்போது பேசிக்கொண்டிருந்த அதே சித்தியவானில் பிறந்தவர் என்பது ஓர் ஆச்சரியம்.

காட்டோரத்துச் சீனக் குடியானவர்களை லாரியில் ஏற்றிப் புதிய கிராமங்களுக்குள் அடைத்தார்கள். தோட்டத்து லயங்களைச் சுற்றியும் முள்வேலி. மாலையானால் ஊரடங்கு. அரிசிக்குப் பங்கீடு. பால்வெட்டப் போகிறவன் சோற்றுப் பொட்டலம் கொண்டு போனால், அது காட்டுக்குப் போய்விடும் என்று வாசலிலேயே சோதனை. இதையெல்லாம் அனுபவித்தவர்கள் இன்னும் சில பேர் நம்மிடையே இருக்கிறார்கள்.

அன்னம்மாள் ஆலயத்தைச் சுற்றிய மலையடிவாரமும் ‘கறுப்புப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. கூட்டம் குறைந்தது. கதவு சாத்தியது. 1957இல் பாதுகாப்பான இடமாகப் பார்த்து, கூலிம் சாலையோரத்தில் மூன்றாவது ஆலயத்தைக் கட்டினார்கள். மேட்டிலிருந்த பழைய கோயிலை லாலானும் கொடியும் சூழ்ந்தன. 1977இல்தான் அதைத் துப்புரவு செய்து, பழுது பார்த்து, மறுபடி திறந்தார்கள்.

இந்த இடத்தில் என் பாட்டியின் கதையைச் சொல்லாமல் போக முடியாது.

நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். இருந்தாலும் ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு திருவிழா. ஒன்று தோட்டத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது. இன்னொன்று ஜூலை 26இல் அன்னம்மாள் திருநாள். 1951இல் என் தந்தையாருக்கு ஐந்து வயது. கடுங்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாராம். ஊரடங்கு நேரம். தோட்டத்து மருந்துக்கடை கிராணி கையை விரித்துவிட்டார். பாட்டி வாசலுக்கு வந்து, மலை இருக்கும் திசையைப் பார்த்து, ‘தாயே, எம்புள்ள பொழைச்சான்னா அவன் ஒசரத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்துறேன்’ என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் நேர்த்திக்கடனைச் செலுத்தக் கோயில்தான் திறந்திருக்கவில்லை!

சாலையோரத்துப் புதிய கோயில் வந்த பிறகு வருடா வருடம் திருநாளுக்கு எங்களை அழைத்துப் போவாள். பஸ்ஸில் இடம் பிடிக்க அடிதடியே நடக்கும். எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பாட்டி மட்டும் ஏற்ற மாட்டாள். மேட்டை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவாள். ‘ஏன் ஆத்தா, ரெண்டும் ஒரே சாமிதானே?’ என்று என் தந்தையார் கேட்டால், ‘கடன் மேல் வீட்டுல வாங்குனது. கீழ் வீட்டுல கட்டுனா செல்லுமா?’ என்பாள்.

1977இல் மேல் வீடு திறந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தந்தையாருக்கு முப்பத்தொன்று; ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. அந்த உயரத்துக்கு மெழுகுவர்த்தி எங்கே கிடைக்கும்? பாட்டி யோசித்தாள். கடைக்காரரிடம் எண்ணி 26 மெழுகுவர்த்தி வாங்கினாள். தவணை தவறிய வருடத்துக்கு ஒன்று! ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்து ஏற்றச் சொன்னாள். மீசை வைத்த மனிதர், நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சத்தோடு நின்று, இருபத்தாறையும் ஏற்றி முடித்தார். கடைசி மெழுகுவர்த்தி ஏறியபோது பாட்டி அழுதாள். ‘வட்டியும் மொதலுமா கட்டியாச்சு’ என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் அவள் நடையிலே ஒரு மிடுக்கு இருந்தது. கடனில்லாத மனுஷியின் நடை அது.

தோட்டம் போன பின்

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டமும் கைமாறியது. மரங்களைச் சாய்த்தார்கள். லயங்களை இடித்தார்கள். கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு சிலர் பாடாங் செராய்க்கும், சிலர் லூனாசுக்கும், சிலர் சுங்கை பட்டாணிக்கும், சிலர் பட்டர்வொர்த் அடுக்குமாடிக்கும் போனார்கள். அம்மனை ஒரு தகரக் கொட்டகைக்குக் கொண்டு போனோம். பிறகு இன்னோர் இடம். கூழ் ஊற்ற ஒன்றுகூடுவது வருடத்துக்கு வருடம் குறைந்தது.

எங்கள் லயத்து ஆட்கள் இன்றும் தவறாமல் சந்தித்துக்கொள்கிற இடம் எது தெரியுமா? அன்னம்மா கோயில் திருவிழாதான்! ஒன்பது நாள் நவநாள், அப்புறம் ஜூலை 26 திருநாள். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று மாறி மாறிப் பூசை நடக்கும். லட்சம் பேர் வரை கூடுவார்கள் என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வருகிறார்கள். இந்துக்கள் வருகிறார்கள், புத்த சமயத்தார் வருகிறார்கள். இரவிலே மெழுகுவர்த்தி ஏந்திய ஊர்வலம் நகரும்போது, கூட்டத்துக்குள்ளிருந்து யாராவது ஒருவர், ‘நீ மூணாம் லயத்து இன்னார் பேரன்தானே?’ என்று கையைப் பிடிப்பார். அந்தக் கேள்வியைக் கேட்க நம்மை அறிந்த ஒரு வாய் இருக்கிறதே, அதுவே ஒரு செல்வம் அல்லவா?

2002இல் நான்காவதாகப் பெரிய ஆலயம் ஒன்று எழுந்தது. அதன் கூரையில் மினாங்கபாவ் பாணியின் சாயல் தெரியும். 2019இல் ரோமாபுரி இதைச் சிறு பசிலிக்கா என்ற நிலைக்கு உயர்த்தியது. மலேசியாவில் இந்தச் சிறப்பைப் பெற்ற முதல் ஆலயம் இது. குடியானவர்களின் சிற்றாலயம் ஒன்று எவ்வளவு தூரம் வந்துவிட்டது, பாருங்கள்!

போகிறவர்களுக்கு

நீங்கள் போவதானால் இரண்டு முறை போங்கள். ஒரு முறை திருவிழாவுக்கு. காரை வெகு தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் கையை விடாதீர்கள். இன்னொரு முறை, சாதாரண நாள் ஒன்றில் காலை வேளையில். அப்போதுதான் மேட்டிலிருக்கும் பழைய கோயிலில் அமைதியாக உட்காரலாம். கல்லெழுத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் சற்றுத் தெளிவாகத் தெரியும். கையால் தேய்க்காதீர்கள். 1,500 ஆண்டு தாங்கியது, நம் விரல்பட்டுத் தேய வேண்டாம்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். ஹைடெக் பூங்காவில் வேலை செய்யும் உங்கள் மகனிடமோ மகளிடமோ ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி வரச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், அக்கம்பக்கம் இருந்த குடும்பங்கள், கோயிலோ சபையோ கட்ட முதல் வெள்ளி கொடுத்தவர் யார், மணி வாங்கி வந்தவர் யார் என்று தெரிந்தவரை எழுதச் செய்யுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். சித்தியவான் குடும்பங்கள் தங்கள் கதையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நமக்கு அருங்காட்சியகம் கட்ட யாரும் வராவிட்டாலும் போகட்டும், நோட்டுப் புத்தகம் நம் கையில் இருக்கிறது.

பழைய கோயிலின் கல்லில் என் பாட்டியின் பெயர் இல்லை. ஆனால் அவள் 26 மெழுகுவர்த்தி ஏற்றியதை இப்போது நீங்களும் அறிந்துகொண்டீர்கள். உங்கள் பாட்டி எங்கே, யாரிடம், என்ன நேர்ந்துகொண்டாள்? அவள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.